பெட்ரோல் பங்க்கில் நிற்கும் தம்பிக்கு என்ன பாதுகாப்பு?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். தம்பிக்கு 23 வயது, கோத்தகிரியில் ஒரு பெட்ரோல் பங்க்கில் வேலை. மே மாதக் கூட்டத்தில் அவர் ஒரு பைக்குக்குப் பெட்ரோல் அடித்துக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்ற கார் தானாக உருண்டு வந்து பாதத்தில் ஏறியது. வலி குறைந்து வேலைக்குத் திரும்பிய பத்தாம் நாள், 2,300 ரூபாய்க்கு டீசல் போட்ட ஒருவர் "பணம் அனுப்பிட்டேன்" என்று செல்போனைக் காட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார். பங்க் கணக்கில் பணம் ஏறவில்லை. தம்பி வண்டிக்கு முன்னால் போய் நின்றார். அந்த ஆள் வண்டியாலேயே அவர் முழங்காலைத் தள்ளிவிட்டு, இறங்கி வந்து சட்டையைப் பிடித்து அறைந்தார். முதலாளியோ 2,300 ரூபாயைச் சம்பளத்தில் பிடிப்பதாகச் சொல்லிவிட்டார். "இந்த வேலையில் இதெல்லாம் சகஜம் என்கிறார்கள். எந்தப் பிரிவில் புகார் கொடுக்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது வேறு என்று எனக்குப் படுகிறது. வேலையை விடாமலே தம்பி தினமும் முழு உடம்போடு வீடு திரும்ப வழி இருக்கிறதா என்றுதான் கேட்கிறீர்கள். முதலில் அதற்குப் பதில் சொல்கிறேன். பிரிவு எண்களைக் கடைசியில் தருகிறேன்.

நான் 1994-இல் குன்னூரில் நாசில், அதாவது எண்ணெய் அடிக்கும் குழாய் முனை, பிடிக்கத் தொடங்கியவன். பிறகு ஊட்டியிலும் கூடலூரிலும் என மொத்தம் 27 வருடம் பங்க்குகளில் இருந்தேன். கடைசிப் பதினொரு வருடம் மேலாளர். இப்போது புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கிறேன். நான் வக்கீல் இல்லை. உங்கள் தம்பி நிற்கும் இடத்தை நேரில் பார்க்கவும் இல்லை. அதனால் வண்டிகளைப் பற்றி உறுதியாகச் சொல்வேன், சட்டத்தைப் பற்றி நான் பயன்படுத்திப் பார்த்த அளவுக்குச் சொல்வேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தப் பாதம். எக்ஸ்ரே எடுக்கவில்லை, தைலம் தேய்த்தே சரியாகிவிட்டது, ஆனால் ஏற்றத்தில் நடந்தால் இன்னும் வலிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பாதத்தின் நடுப்பகுதியில் இருக்கும் சின்ன எலும்புகள் விரிசல் விட்டாலும் விலகினாலும் ஆளால் நடக்க முடியும். அதனாலேயே பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள், பின்னால் அது வருடக்கணக்கில் தொல்லை கொடுக்கும். இந்த வாரமே அரசு மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். வேலை செய்யும் இடத்தில் கார் ஏறியது என்று அங்கே தெளிவாகச் சொல்லி, விபத்துப் பதிவேட்டில் எழுத வைத்து, ஏ.ஆர். காப்பி கேட்டு வாங்கட்டும். அது உடம்புக்கும் வேண்டும், வழக்குக்கும் வேண்டும்.

இனி உருண்டு வந்த கார். மலையில் பங்க் கட்டுபவர்கள் சரிவை வெட்டித்தான் இடம் எடுக்கிறார்கள். பார்க்கச் சமதளம் போலத் தெரியும். ஒரு பாட்டில் தண்ணீரைத் தரையில் ஊற்றிப் பாருங்கள், எந்தப் பக்கம் சாய்வு என்று உடனே தெரிந்துவிடும். இருபது அடிக்கு ஓர் அடி சரிவு என்பது நம் ஊரில் ஒரு சரிவே இல்லை. ஆனால் நியூட்ரலில் கை பிரேக் போடாமல் நிற்கும் ஒன்றரை டன் காருக்கு அதுவே போதும். இரண்டு மீட்டர் உருள்வதற்குள் ஆள் நடக்கும் வேகத்துக்கு வந்துவிடும். மெதுவாகத்தான் தெரியும், ஆனால் ஒன்றரை டன் எடையைக் கையால் தள்ளி நிறுத்த யாராலும் முடியாது. கீழேயிருந்து வருகிற ஓட்டுநர்களில் பலருக்குக் கை பிரேக் போடும் பழக்கமே கிடையாது. சமவெளியில் அதற்குத் தேவை வருவதில்லை, அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நாம்தான் சொல்ல வேண்டும். என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் கற்றுக்கொடுக்கும் வாக்கியம், "எவ்வளவுக்கு சார்?" கிடையாது. "வண்டியை ஆஃப் பண்ணி, கியர்ல விட்டு, கை பிரேக் போடுங்க சார்" என்பதுதான். அது காதில் விழுந்து, ஓட்டுநர் கை அசைவதைக் கண்ணால் பார்த்த பிறகே நாசிலை எடுக்க வேண்டும். சரிவு அதிகமான பக்கத்தில் இரண்டு மரக் கட்டைகளை வைத்து, வண்டி நின்றதும் கீழ்ப்பக்கச் சக்கரத்துக்கு அண்டை கொடுப்பது இன்னும் நல்லது. கட்டைக்குக் கயிறு கட்டியிருக்க வேண்டும், குனிந்து கையை விட்டு எடுக்கவே கூடாது.

தம்பிக்கு அடிபட்டது கார் உருண்டதால் மட்டும் இல்லை. அவர் இரண்டு வண்டிகளுக்கு நடுவில் நின்றதாலும்தான். இந்த வேலையில் ஒரே ஒரு பழக்கத்தைத்தான் மாற்ற முடியும் என்றால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்: ஒரு வண்டியின் பின்பக்கத்துக்கும் அடுத்த வண்டியின் முன்பக்கத்துக்கும் இடையில் கால் வைக்கவே கூடாது. பைக்குக்கு அடிக்கும்போது, மெஷின் நிற்கும் மேடையை ஒட்டி பைக் நிற்க வேண்டும், ஊழியர் மேடையின் மேலே நின்றே அடிக்க வேண்டும். காருக்கு அடிக்கும்போது பின்சக்கரத்தின் பக்கவாட்டில், டேங்க் மூடியை ஒட்டி நிற்க வேண்டும். அடுத்த பக்கம் போக வேண்டுமென்றால் வண்டிகளுக்குள் புகாமல் மேடையைச் சுற்றித்தான் போக வேண்டும். வண்டியை உள்ளே அழைக்கும்போதும் முன்னால் நின்று கையை ஆட்டி அழைக்கக் கூடாது, பக்கத்தில் நின்றே அழைக்கலாம். கூட்டம் இல்லாத நாளில் இதெல்லாம் எளிது. கூட்ட நாளில் பின்னால் நிற்கும் வண்டி ஒட்டிக்கொண்டு வந்து நிற்கும். அதைத் தடுக்கத் தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டு, முன்வண்டி போன பிறகே அடுத்தது கோட்டைத் தாண்டலாம் என்று வைக்க வேண்டும். ஒரு டப்பா பெயிண்ட்தான் செலவு. ஆனால் அந்த வரிசையை ஒழுங்குபடுத்த ஓர் ஆள் தேவைப்படும். முதலாளிகள் தயங்குவது பெயிண்ட்டுக்காக இல்லை, இந்தக் கூலிக்காக.

சீசனின் அளவு உங்களுக்கே தெரியும். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, மலை ஏறும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற இணைய அனுமதிச் சீட்டு வந்தது. 2025-இல் ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் நாளொன்றுக்கு 6,000 வாகனம், வார இறுதியில் 8,000 வாகனம் என்று வரம்பு வைத்தார்கள். சீசனில் ஏறுகிற வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்குகிற வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் போலீஸ் திருப்பிவிடுவது வழக்கம். அதாவது உங்கள் தம்பியின் பங்க்குக்கு வருபவர்கள் ஊட்டியைச் சுற்றிக் களைத்து, நெரிசலில் மணிக்கணக்கில் நின்று, இருட்டுவதற்குள் மேட்டுப்பாளையம் போய்விடத் துடிப்பவர்கள். பின் சீட்டில் குழந்தை அழும், வாந்தி எடுக்கும். கூடலூர் பங்க்கில் எனக்கு இது வேறு வடிவில் வந்தது. பந்திப்பூர் சாலையை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடுவதால், ஏழு மணிக்கு மேல் வருகிற ஒவ்வொரு கர்நாடக வண்டியும் ஓடிக்கொண்டேதான் உள்ளே வரும். அந்த அவசரத்தை நம்மால் குறைக்க முடியாது. அது உள்ளே நுழையும் வேகத்தைக் குறைக்க முடியும். மணிக்கு 20 கிலோமீட்டரில் வரும் கார், ஓட்டுநர் ஆளைப் பார்த்து, ஈரத் தரையில் பிரேக் பிடித்து நிற்க ஏறத்தாழ ஒன்பது மீட்டர் எடுத்துக்கொள்ளும். 10 கிலோமீட்டரில் வந்தால் நான்கு மீட்டர் போதும். நுழைவிலேயே ஒரு வேகத்தடை, உள்ளே போக ஒரு வழி வெளியே வர ஒரு வழி, மேடையின் இரண்டு முனையிலும் சிமென்ட் நிரப்பிய இரும்புக் குழாய்த் தூண்கள் — இவை மூன்றும் இருக்கிற பங்க்கில் ஆளுக்கு அடிபடுவது வெகுவாகக் குறைகிறது என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அறிவிப்புப் பலகை படிக்கிறவருக்கு மட்டும்தான் பயன்படும். படிக்காதவரையும் தடுப்பது தூண்.

உடையைப் பற்றியும் சொல்ல வேண்டும், நம் குளிருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் பிள்ளைகள் குரங்குக் குல்லாயும் மஃப்ளரும் சுற்றிக்கொண்டு நிற்பார்கள். காது மூடிவிடும், பக்கவாட்டுப் பார்வையும் குறையும். இப்போது மின்சார வண்டிகள் வேறு சத்தமில்லாமல் ஏர் அடிக்க உள்ளே வருகின்றன. காது தெரிகிற மாதிரி குல்லாய் போடச் சொல்லுங்கள். ஸ்வெட்டருக்கு மேல் ஒளி பட்டால் மின்னும் பட்டை வைத்த கோட்டு கட்டாயம் வேண்டும். மேகம் இறங்கிவிட்டால் மாலை நான்கு மணிக்கே பத்தடிக்கு அப்பால் ஆள் தெரிவதில்லை, சாம்பல் நிற ஸ்வெட்டர் மூடுபனியோடு கலந்துவிடும். காலுக்கு விரல் பகுதியில் இரும்புத் தொப்பி வைத்த பாதுகாப்பு ஷூ. இதன் தரம் ஐ.எஸ். 15298. வாங்கும்போது அந்த எண் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்தத் தொப்பி ஒரு கார்ச் சக்கரத்தின் எடையைத் தாங்கும். ஆனால் அது விரல்களை மட்டுமே காக்கும், பாதத்தின் நடுப்பகுதியைக் காக்காது. ஷூ போட்டிருக்கிறோமே என்று நடுவில் போய் நிற்கக் கூடாது.

மற்ற வண்டி ஆபத்துகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாசில் டேங்கில் இருக்கும்போதே வண்டி கிளம்பிவிட்டால் ஹோஸைப் பிடித்து இழுக்கக் கூடாது. அது இழுபட்டுத் தெறிக்கும்போது முகத்தில் அடிக்கும். விலகி, அவசர நிறுத்தப் பொத்தானைத் தட்ட வேண்டும். லாரி, பஸ் டயருக்கு ஏர் அடிக்கும்போது டயரின் முகத்துக்கு நேராக நிற்காமல் ஓரமாக நின்று நீளமான குழாயால் அடிக்க வேண்டும். காரில் முப்பது சொச்சம் அழுத்தம் என்றால் லாரியில் நூறுக்கு மேல், வெடித்தால் உயிர் போகும். டேங்கர் லாரி பின்னால் வரும்போது வழிகாட்ட ஒரே ஓர் ஆள்தான் இருக்க வேண்டும், ஓட்டுநரின் கண்ணாடியில் தெரிகிற இடத்தில் நிற்க வேண்டும். ஆள் கண்ணாடியிலிருந்து மறைந்தால் ஓட்டுநர் உடனே நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும்.

இப்போது அந்த 2,300 ரூபாய். எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். உங்கள் தம்பி ஏன் ஓடுகிற வண்டிக்கு முன்னால் போய் நின்றார்? வீரத்துக்காக இல்லை. அந்தப் பணம் போனால் தன் சம்பளத்தில் போகும் என்று அவருக்குத் தெரியும். ஒரு வாரக் கூலியைக் காப்பாற்ற ஓர் ஆள் காருக்கு முன்னால் நிற்கிறார் என்றால், அவரை அங்கே தள்ளியது அந்தப் பிடித்தம்தான்.

இதை வெளியே இருந்து சொல்லவில்லை. நான் மேலாளராக இருந்த முதல் மூன்று வருடம் நானும் பிடித்திருக்கிறேன். எனக்கு முன்னால் இருந்தவர் பிடித்தார், நானும் பிடித்தேன். ஒரு ஆகஸ்ட் மாலை, நல்ல மூடுபனி. ஒரு வேன் பணம் கொடுக்காமல் கிளம்பியது. பத்தொன்பது வயதுப் பையன் பின்னாலேயே ஓடி, ஏணிக் கம்பியைப் பிடித்துத் தொங்கினான். வேன் வெளியே திரும்பிய இடத்தில் விழுந்தான், எதிரே வந்த ஜீப் காலில் ஏறியது. தொடை எலும்பு முறிந்து ஐந்து மாதம் படுத்திருந்தான். வேனில் போன பணம் 900 ரூபாய். மருத்துவமனையில் அவன் அம்மா என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. அவன்தான், "அண்ணே, போன மாசமும் பிடிச்சீங்க, அதான் ஓடினேன்" என்றான். அடுத்த மாதம் முதலாளியிடம் பேசி, ஓடிப்போகிற வண்டியின் பணம் பங்க்கின் செலவு என்று எழுதி ஒட்டினேன். யாராவது வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ ஓடினால்தான் தவறு என்றும் எழுதினேன். அப்படிச் சொன்னால் பையன்களே ஆட்களோடு பேசிவைத்துக்கொண்டு வண்டிகளை விட்டுவிடுவார்கள் என்று முதலாளி பயந்தார். அடுத்த எட்டு வருடத்தில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பங்க்கில் நான் கண்டது இது. எல்லா இடத்துக்கும் இதையே கணக்காக வைக்க முடியாது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

சட்டமும் இந்த விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. 1936-ஆம் வருடச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் முதல் 2019-ஆம் வருட ஊதியத் தொகுப்புச் சட்டம் வரை அடிப்படை ஒன்றுதான்: பொருளோ பணமோ போனதற்காகச் சம்பளத்தில் கை வைக்க வேண்டுமானால், அந்த இழப்பு ஊழியரின் கவனக்குறைவால் நேரடியாக ஏற்பட்டிருக்க வேண்டும். அவரிடம் விளக்கம் கேட்டிருக்கவும் வேண்டும். செல்போனில் பொய்யான திரையைக் காட்டி ஒருவர் ஏமாற்றிவிட்டுப் போவதும், மழையில் டவர் போய் பணம் ஏறாமல் நிற்பதும் ஊழியரின் கவனக்குறைவு ஆகாது. தம்பி இதை முதலாளியிடம் சண்டையாகச் சொல்ல வேண்டாம். ஒரு தாளில், என்ன நடந்தது, எத்தனை மணி, வண்டி எண் என்ன, பணத்தைத் தன் சம்பளத்தில் பிடிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து, ஒரு நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளட்டும். கையெழுத்துப் போடவில்லை என்றால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பலாம். பிறகும் பிடித்தால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம்.

பணத் தகராறே வராமல் தடுக்க நல்ல வழி, சீசன் நாட்களில் பணம் முதலில், எண்ணெய் பிறகு என்பதுதான். ஃபுல் டேங்க் கேட்பவருக்கு மட்டும் இது ஒத்துவராது. அவர்களுக்கு ஒலிபெருக்கிப் பெட்டி "பணம் வந்தது" என்று சொல்லும் வரை மேடைப் பக்கம் நிறுத்தாமல், வெளியேறும் வழிக்கு முன்னால் ஓரமாக நிறுத்தச் சொல்லலாம். அங்கே பேச வேண்டியவர் மேலாளர், நாசில் பிடிக்கும் பையன் இல்லை. டவர் இல்லாத நாளில் "இன்று பணமாக மட்டும்" என்று நுழைவிலேயே போர்டு வைத்துவிட வேண்டும். எண்ணெய் போட்ட பிறகு சொன்னால் யாருக்கும் கோபம் வரும்.

கோபம் வருகிற மற்ற இடங்களையும் பாருங்கள். பாட்டிலில் பெட்ரோல் கேட்பவர், சிகரெட்டோடு வருபவர், அளவு குறைகிறது என்பவர், ஹெல்மெட் இல்லாமல் வருபவர். நம் பக்கம் இன்னொன்றும் உண்டு. சிறு தேயிலை விவசாயிகள் இலை வெட்டும் மெஷினுக்குப் பிளாஸ்டிக் கேனில் கேட்டு வருவார்கள். அவர்கள் தேவை நியாயமானது, விதியும் நியாயமானது, இரண்டுக்கும் நடுவில் நின்று திட்டு வாங்குவது இந்தப் பிள்ளைகள். யாரோ போட்ட விதியைச் சொல்கிற வாயாக மட்டும்தான் அவர்கள் இருக்கிறார்கள். அதனால் "நான் தர மாட்டேன்" என்று ஒருநாளும் சொல்லக் கூடாது. "எங்களுக்கு அனுமதி இல்லைங்க, ஆபீசில் பேசுங்க" என்று மேலாளர் அறையைக் காட்டிவிட வேண்டும். மேலாளர் எழுந்து வெளியே வரவும் வேண்டும். அளவுச் சண்டைக்கு மருந்து கையிலேயே இருக்கிறது. முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவுப் பாத்திரம் எல்லாப் பங்க்கிலும் இருக்க வேண்டும், வாடிக்கையாளர் கேட்டால் அதில் அளந்து காட்ட வேண்டும். ஐந்து லிட்டருக்கு 25 மில்லிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. "வாங்க சார், அளந்தே காட்டுறோம்" என்று சொன்னதும் பாதிப் பேருக்குக் குரல் இறங்கிவிடும். அதேபோல் மீட்டரில் பூஜ்யத்தைக் காட்டுவதும், பெட்ரோலா டீசலா என்று உரக்கக் கேட்டு ஓட்டுநர் வாயால் பதில் வாங்குவதும் ஒவ்வொரு வண்டிக்கும் நடக்க வேண்டும். எண்ணெய் மாற்றி அடித்துவிட்டதால் வந்த அடிதடிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்படியும் ஒருவர் கையை ஓங்கிக்கொண்டு வந்தால்? நாசில் கையில் இருந்தால் அடிப்பதை நிறுத்தி, அதை மெஷினில் மாட்டிவிட வேண்டும். பெட்ரோல் ஓடுகிற நாசிலைப் பிடித்துக்கொண்டு யாரோடும் வாக்குவாதம் செய்யக் கூடாது. அடுத்தது, மெஷின் நமக்கும் அவருக்கும் இடையில் இருக்கிற மாதிரி ஓர் அடி பின்னால் போக வேண்டும். கைகள் கீழே, விரல்கள் விரிந்து இருக்கட்டும். பதில் சொல்லச் சொல்ல ஏறுகிற ஆள் இருப்பார், அவரிடம் பேசாமல் இருப்பதே நல்லது. வண்டிச் சாவியைப் பிடுங்குவது, கதவைப் பிடித்துக்கொள்வது, ஜன்னலுக்குள் கையை விடுவது, இந்த மூன்றும் கூடவே கூடாது. பிடுங்கிய நொடியில் நாம் தொட்டவர் ஆகிவிடுவோம், கை உள்ளே இருக்கும்போது வண்டி நகர்ந்தால் தோள் போய்விடும். கூட வேலை செய்பவர்களுக்குள் ஒரு வார்த்தை பேசி வைத்துக்கொள்ளலாம். எங்கள் பங்க்கில் "பெரியவரைக் கூப்பிடு" என்றால் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் வந்து நிற்பார்கள். யாரும் வாய் திறக்க மாட்டார்கள், நிற்பது மட்டும்தான். நான்கு பேர் சும்மா நின்றாலே பல ஆட்கள் வண்டியில் ஏறிவிடுவார்கள். லைட்டரையோ தீப்பெட்டியையோ எடுத்துக் காட்டி மிரட்டினால் பேச்சே வேண்டாம். அவசரப் பொத்தானைத் தட்டிவிட்டு எல்லோரும் விலக வேண்டும், 112-க்கு அழைக்க வேண்டும். பெட்ரோல் ஆவி பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரியிலும் பற்றக் கூடியது. ஊட்டியின் உறைபனிக் காலையிலும் அது தயாராகத்தான் இருக்கிறது. காற்றைவிடக் கனமானதால் தரையோடு படர்ந்து நிற்கும்.

சந்தேகத்துக்கு இடமானவற்றையும் சொல்லிவிடுகிறேன். கேமரா இருந்தால் அடிக்க மாட்டார்கள் என்று விற்பவர்கள் சொல்வார்கள். என் அனுபவத்தில், கோபம் தலைக்கேறிய ஆள் கேமராவைப் பார்ப்பதில்லை. பின்னால் நிரூபிக்க அது உதவும், அதற்காக வைக்கலாம். "ஊழியரைத் தாக்கினால் சிறை" என்று போர்டு வைப்பதால் ஏதாவது குறைகிறதா என்று என்னால் சொல்ல முடியவில்லை, சிலருக்கு அதுவே எரிச்சலாகிறது. செல்போன் அலை பட்டுப் பெட்ரோல் பற்றியதாக நிரூபிக்கப்பட்ட நிகழ்வு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. இருந்தாலும் செல்போன் வேண்டாம் என்றே சொல்வேன், ஏனென்றால் போனைப் பார்க்கிற கண் உருளுகிற வண்டியைப் பார்க்காது. இன்முகமாகப் பேசப் பயிற்சி கொடுத்தால் எல்லாம் சரியாகும் என்பதையும் நான் நம்பவில்லை. பயிற்சி நல்லதுதான், ஆனால் அதைச் சாக்காக வைத்து, அடி வாங்கியவனைப் பார்த்து "நீ சரியாகப் பேசியிருக்க மாட்டாய்" என்கிறார்கள். அது பெரிய அநியாயம்.

இனி நீங்கள் கேட்ட பிரிவுகள். 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதாதான் நடைமுறையில் இருக்கிறது. அறைந்ததற்கு 115(2), ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். இதை மட்டும் எழுதினால் நீதிபதியின் அனுமதி இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது, பெரும்பாலும் புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு நின்றுவிடும். ஆனால் தம்பி விஷயத்தில் அறை இரண்டாவதுதான், முதலாவது வண்டியால் முட்டித் தள்ளியது. மனிதர் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து வரும்படி நடப்பதற்கு 125, ஆபத்தாக வண்டி ஓட்டுவதற்கு 281. புகாரில் வண்டியைப் பற்றித்தான் முதல் வரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் "வாய்த்தகராறு" என்று எழுதி முடித்துவிடுவார்கள். எலும்பு முறிந்திருந்தால் அது கொடுங்காயம், கணக்கு மாறிவிடும். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். கேமராப் பதிவைப் பல பங்க்குகளில் பதினைந்து, முப்பது நாளில் கருவியே அழித்துவிடும். அதனால் பதிவை எடுத்து வைக்கச் சொல்லி இன்றே எழுதிக் கொடுங்கள். சாதியைச் சொல்லித் திட்டியிருந்தால், தம்பி பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவர் என்றால், 1989-ஆம் வருட வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வரும், அதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

பாதத்தில் ஏறிய காருக்குத் தனி வழி. மோட்டார் வாகனச் சட்டத்தில் பொது இடம் என்பது சாலை மட்டும் இல்லை, பொதுமக்கள் போய்வர உரிமையுள்ள இடமும்தான். அந்தக் காரின் காப்பீட்டு நிறுவனத்திடம் இழப்பீடு கேட்டு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம், ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். இல்லையென்றால் வேலையின்போது அடிபட்டதற்காக முதலாளியிடம் கேட்கலாம். 1923 முதல் அந்தப் பொறுப்பு சட்டத்தில் இருக்கிறது, 2020-ஆம் வருடச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் தொடர்கிறது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும், எது உங்களுக்கு நல்லது என்பதை வக்கீல்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். தம்பிக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) எண் இருக்கிறதா என்றும் கேளுங்கள், இருந்தால் வழி வேறு. வக்கீலுக்குக் காசு இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். 15100 என்ற எண்ணுக்கு அழைத்தால் சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச உதவி கிடைக்கும்.

வேலையை விடச் சொல்லலாமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். முதலாளியிடம் மூன்று விஷயம் கேட்கச் சொல்லுங்கள்: சம்பளப் பிடித்தம் கூடாது, மேடை முனையில் தூண்கள் வேண்டும், சீசனில் வரிசையைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். தம்பி தனியாகப் போக வேண்டாம், கூட வேலை செய்பவர்கள் எல்லோரும் சேர்ந்து போய்ப் பேசட்டும். தூணுக்கு "கம்பெனிதான் போட்டுத் தர வேண்டும்" என்று அவர் சொன்னால், எண்ணெய் நிறுவனத்தின் விற்பனை அதிகாரிக்கு அவரையே ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். நல்ல முதலாளி தூணுக்கும் ஆளுக்கும் நாள் கேட்பார், பிடித்தத்தை உடனே நிறுத்துவார். பிடித்தத்தையே நிறுத்த மாட்டேன் என்கிறவரிடம் தம்பி இருக்க வேண்டாம். வேறு பங்க் பார்க்கட்டும், அனுபவமுள்ள பையனுக்கு இந்த மலையில் வேலை கிடைக்கும்.

முடிந்தால் ஒரு வெற்றுத் தாளில் அந்தப் பங்க்கின் படத்தைக் கையால் வரைந்து இங்கே போடச் சொல்லுங்கள். சாலை எந்தப் பக்கம், வண்டி எந்த வழியாக நுழைகிறது, மேடை எங்கே, தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கம் ஓடுகிறது, ஏர் அடிக்கிற இடம் எங்கே என்று குறித்தால் போதும். பங்க்கின் பெயர் வேண்டாம். தூண் எங்கே நிற்க வேண்டும், கோடு எங்கே விழ வேண்டும் என்று அதிலேயே குறித்துத் திருப்பிப் போடுகிறேன்.